நல்ல பந்து, நோஞ்சான் மட்டை

பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் 2025 சீசன்: காசில்லாமல் தோற்றார்களா, காசில்லை என்று சொல்லிச் சொல்லியே தோற்றார்களா?

பத்து வெற்றி, பத்து தோல்வி. கணக்குப் புத்தகத்தில் இதை மட்டும் பார்ப்பவர் சுமாரான ஆள் என்று முடிவு கட்டிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் 2025-ம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலில் இந்தக் கணக்குக்குச் சொந்தக்காரர் பால் ஸ்கீன்ஸ். வயது 23. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பந்து வீச்சாளர். ஃபீல்டர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்கள் சராசரியாக 1.97. சீசன் முழுக்கப் பந்து வீசியவர்களில் வேறு எவரும் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. நவம்பரில் நேஷனல் லீகின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது அவருக்குப் போனது. ஓட்டளித்தவர்களில் ஒருவர்கூட அவரை இரண்டாம் இடத்தில் வைக்கவில்லை.

பிறகு ஏன் பத்து தோல்வி? பேஸ்பாலில் வெற்றியும் தோல்வியும் பந்து வீச்சாளரின் பெயரில்தான் எழுதப்படும். அவர் எவ்வளவு நன்றாக வீசினாலும் மட்டை பிடிப்பவர்கள் ரன் எடுத்துத் தராவிட்டால் பழி அவர் தலையில். எதிரணியை நூறு ரன்னுக்குள் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தன் அணி எண்பதில் சுருண்டு விழுவதைப் பெவிலியனில் உட்கார்ந்து பார்க்கும் கிரிக்கெட் பந்து வீச்சாளரை நினைத்துக்கொண்டால் போதும். ஸ்கீன்ஸ் அந்த சீசனில் 32 ஆட்டங்களைத் தொடங்கி வைத்தார். திரும்பத் திரும்ப நடந்தது அதுதான்.

அணியின் மொத்தக் கணக்கு இன்னும் மோசம். 162 ஆட்டங்களில் 71 வெற்றி, 91 தோல்வி. ஐந்து அணிகள் கொண்ட தன் பிரிவில் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கடைசி இடம். எடுத்த ரன்கள் 583, அடித்த ஹோம்ரன்கள் 117. முப்பது அணிகளில் இந்த இரண்டிலும் பைரேட்ஸுக்குக் கீழே யாருமில்லை. பந்து வீச்சோ லீகின் நல்ல வரிசைகளில் ஒன்று. ஒரு கை யானை பலம், மறு கை சூம்பிப்போனது. இப்படி ஒரு உடம்பு எத்தனை நாள் சண்டை போடும்?

பிட்ஸ்பர்க் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது விளையாட்டல்ல. 1970-களில் நகரின் புறப்பகுதியான பென் ஹில்ஸில் எழுந்த வெங்கடேசுவரர் கோயில். அமெரிக்கா போன உறவினர் அனுப்பும் புகைப்படங்களில் குன்றின் மீது வெள்ளைக் கோபுரமாகத் தெரிவது. அமெரிக்கர்களுக்கு அந்த ஊர் எஃகின் ஊர். கார்னகியின் உலைகள் அங்கேதான் எரிந்தன. 1950-ல் நகரின் மக்கள்தொகை 6 லட்சத்து 76 ஆயிரம். உலைகள் அணைந்தன, வேலை போனது, பிள்ளைகள் வேறு ஊர் தேடினார்கள். 2020-ல் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். சுற்றுப்புறத்தைச் சேர்த்தால் 24 லட்சம் வரும். நியூயார்க்கோடும் லாஸ் ஏஞ்சலீஸோடும் ஒப்பிட்டால் சின்னச் சந்தை. அமெரிக்க விளையாட்டு உலகில் இந்தச் சொல்லுக்கு ஜாதகத்தில் உள்ள தோஷத்துக்கு நிகரான மரியாதை உண்டு. எது நடந்தாலும், நடக்காவிட்டாலும், அதைக் காட்டிக் காரணம் சொல்லலாம்.

ஒரு காலத்தில் இந்த ஊர் அணி தோஷம் ஏதுமில்லாமல் ஜெயித்தது. 1960-லும் 1971-லும் 1979-லும் வேர்ல்டு சீரிஸ் பட்டம். அதற்குப் பிறகு பிளே-ஆஃபில் ஒரு தொடரைக்கூட பைரேட்ஸ் ஜெயித்ததில்லை. 1992 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸ் வரை 2-0 என்று முன்னால் இருந்து, 3-2 என்று தோற்றார்கள். வெற்றி ரன்னை ஓடி எடுத்தவர் பைரேட்ஸின் முன்னாள் வீரர் சிட் பிரீம். அவரை அவுட்டாக்கப் பந்தை எறிந்த பேரி பாண்ட்ஸ் சில வாரங்களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு மூட்டை கட்டினார். ஆறு ஆண்டுகளுக்கு 4.375 கோடி டாலர், அன்றைய தேதியில் பிரமிக்க வைத்த ஒப்பந்தம். அதன் பிறகு 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன்கள், ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் வேறெந்த அணியும் இவ்வளவு நீண்ட காலம் இப்படித் தோற்றதில்லை. 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் வானம் வெளுத்தது. 2015-ல் 98 ஆட்டங்கள் ஜெயித்தும், ஒரே ஒரு வைல்டு கார்டு ஆட்டத்தில் சிகாகோவிடம் தோற்று வெளியேறினார்கள். அதிலிருந்து 2025 வரை பிளே-ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை.

1979-ல் பத்து வயதில் ஊர்வலம் பார்த்த சிறுவனுக்கு 2025-ல் வயது 56. பேரப்பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போகும் பருவம். பேரனுக்கு அவர் என்ன காட்டுவார்?

மைதானத்தைக் காட்டலாம். அலகெனி ஆற்றங்கரையில் 2001-ல் திறக்கப்பட்ட பிஎன்சி பார்க், நாட்டின் மிக அழகிய பேஸ்பால் அரங்குகளில் ஒன்று என்று எதிரணி ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வலப்புறச் சுவரின் உயரம் 21 அடி. ராபர்ட்டோ கிளமென்டேயின் சட்டை எண் 21 என்பதால் அந்த உயரம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து பிட்ஸ்பர்க்கின் செல்லப்பிள்ளை ஆனவர் கிளமென்டே. சரியாக 3,000 ஹிட்டுகள் அடித்து முடித்த ஆண்டில், 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரைச் சொல்லும்போது கிழவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள்.

2025 சீசன் தொடங்கியபோது அந்தச் சுவரில் அவருடைய 21 என்ற எண் இருந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் முளைத்திருந்தது. தங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கிளமென்டேயின் குடும்பம் வருத்தப்பட்டது. ஊர் கொதித்தது. அணி மன்னிப்புக் கேட்டு எண்ணைப் பழைய இடத்தில் வைத்தது. அதே ஏப்ரலில் இன்னொரு செய்தி வெளியானது. அரங்கம் கட்டப்பட்ட காலத்தில் ரசிகர்கள் காசு கொடுத்து, தங்கள் பெயரையும் இறந்துபோன அப்பா அம்மா பெயரையும் பொறித்து வாசலில் பதிக்கச் செய்த செங்கற்கள், பெயர்த்தெடுக்கப்பட்டு மறுசுழற்சிக் கிடங்கில் குவியலாகக் கிடந்தன. பெயர்களை வேறு வடிவில் நிரந்தரமாக வைப்போம் என்று அணி சமாதானம் சொன்னது. சொந்த ஊரின் முதல் ஆட்டத்தன்றே உரிமையாளர் பாப் நட்டிங்கின் பெயரைச் சொல்லி, அணியை விற்றுவிடு என்ற பதாகையை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் அரங்கத்தின் மேல் வட்டமடித்தது. கீழே கூட்டம் அதையே கோஷமாகப் போட்டது.

விளம்பரமும் செங்கல்லும் ஆட்டத்தோடு சம்பந்தமில்லாத சில்லறை விஷயங்கள் என்று தோன்றலாம். ஆனால் ஜெயிக்காத அணிக்கும் அதன் ஊருக்கும் நடுவே மிச்சமிருப்பது ஞாபகம் ஒன்றுதான். அதையும் கவனமில்லாமல் கையாண்டால் சில்லறையே மூட்டையாகிவிடுகிறது.

களத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் 38 ஆட்டங்களில் 26 தோல்வி. மே மாதம் மேனேஜர் டெரெக் ஷெல்டனின் சீட்டு கிழிந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் அதே வட்டாரத்துக்காரரான டான் கெல்லி. அவர் கையில் 59 வெற்றி, 65 தோல்வி. அதிசயம் ஒன்றும் நிகழவில்லை, ஆனால் சரிவு நின்றது. ஜூலை இறுதியில் சந்தை கூடியபோது அணி வழக்கமான காரியத்தைச் செய்தது: விற்றது. 2022-ல் 7 கோடி டாலருக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, இதோ எங்கள் எதிர்காலம் என்று காட்டிய மூன்றாம் பேஸ் வீரர் கீபிரையன் ஹேய்ஸ் சின்சினாட்டிக்குப் போனார். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய சிற்றூரில் வளர்ந்து, சின்ன வயதில் எந்த அணிக்காகக் கத்தினாரோ அந்த அணிக்கே கடைசி இன்னிங்ஸ் வீச்சாளராக ஆன டேவிட் பெட்னர் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். பதிலுக்கு இளம் வீரர்கள் வந்தார்கள். எப்போதும் வருவார்கள். பிட்ஸ்பர்க்கில் எதிர்காலத்துக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. பஞ்சமெல்லாம் நிகழ்காலத்துக்குத்தான்.

இனி பணத்துக்கு வருவோம். அணி நிர்வாகத்தின் வாதம் எளியது. 2025 தொடக்க நாளில் பைரேட்ஸின் சம்பளப் பட்டியல் ஏறத்தாழ 9 கோடி டாலர். அந்த ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் பட்டம் வென்ற லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸின் பட்டியல் 30 கோடிக்கும் மேல். ஷோஹெய் ஒஹ்தானி என்ற ஒருவருக்கு மட்டும் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட அணி அது. வரம்பை மீறிச் செலவு செய்ததற்காக 2024 சீசனுக்கு டாட்ஜர்ஸ் கட்டிய அபராத வரி 10.3 கோடி டாலர். அதாவது பிட்ஸ்பர்க் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் சம்பளத்தைவிட அதிகமான தொகையை லாஸ் ஏஞ்சலீஸ் அபராதமாகக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறது.

காரணம், பேஸ்பாலில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. வரி உண்டு, தடை இல்லை. 1994-ல் உரிமையாளர்கள் உச்சவரம்பு கேட்டார்கள், வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. வீரர்கள் அடிபணியவும் இல்லை. வருமானத்தின் கணிசமான பங்கு உள்ளூர் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. டாட்ஜர்ஸ் 2013-ல் செய்துகொண்ட டிவி ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர். பிட்ஸ்பர்க்கில் அத்தனை வீடுகளே கிடையாது. ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட, அது முப்பது பங்காகச் சமமாகப் பிரிக்கப்படுகிறது. சின்ன அணிகளுக்கு அதில் லாபம்தான். ஆனாலும் இடைவெளி அடைபடுவதில்லை.

இந்திய ரசிகர்களுக்கு இது விநோதமாகப் படலாம். ஐபிஎல் ஏலத்தில் மும்பைக்கும் ஜெய்ப்பூருக்கும் ஒரே அளவு பணப்பை. 2025 சீசனுக்கான பெரிய ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். பணக்கார முதலாளி, ஏழை முதலாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவிலேயே கால்பந்து லீகிலும் ஐஸ் ஹாக்கி லீகிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. அதன் பலனைப் பார்க்க பிட்ஸ்பர்க்கை விட்டு வெளியே போகவே வேண்டாம். அதே ஊரின் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸிடம் ஆறு சூப்பர் பௌல் கோப்பைகள் இருக்கின்றன. ஹாக்கி அணியான பெங்குவின்ஸ் ஐந்து முறை ஸ்டான்லி கோப்பை வென்றிருக்கிறது, அதில் மூன்று உச்சவரம்பு வந்த 2005-க்குப் பிறகு. ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே மக்கள். விதிகள் சமமாக இருக்கும் இடத்தில் ஜெயிக்கிறார்கள், சமமில்லாத இடத்தில் தோற்கிறார்கள். நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வழக்கை இங்கேயே முடித்துவிடலாம், மில்வாக்கி என்றொரு ஊர் இல்லாதிருந்தால்.

மில்வாக்கி வட்டாரத்தின் மக்கள்தொகை சுமார் 16 லட்சம். பிட்ஸ்பர்க்கைவிடச் சின்னது. அதன் அணியான புரூவர்ஸ், பைரேட்ஸ் ஆடும் அதே பிரிவில்தான் ஆடுகிறது. அதன் சம்பளப் பட்டியலும் டாட்ஜர்ஸுடையதில் பாதியைத் தொடாது. நட்சத்திரங்களை அதனாலும் பிடித்து வைத்துக்கொள்ள முடிவதில்லை. சை யங் விருது வாங்கிய கார்பின் பர்ன்ஸை 2024 தொடக்கத்தில் விற்றது. அந்த ஆண்டுக் கடைசியில் டெவின் வில்லியம்ஸை யாங்கீஸுக்குக் கொடுத்தது. அதற்கு முன்பே மேனேஜர் கிரெய்க் கவுன்சல் அதிகச் சம்பளத்துக்குச் சிகாகோ போய்விட்டார். இத்தனைக்கும் பிறகு 2025-ல் புரூவர்ஸ் எடுத்த வெற்றிகள் 97. முப்பது அணிகளில் அதுவே அதிகம். எடுத்த ரன்கள் 800-க்கு மேல். 2018-லிருந்து எட்டு ஆண்டுகளில் ஏழு முறை பிளே-ஆஃப்.

எப்படி? மந்திரம் ஒன்றுமில்லை. விற்கும்போது, அடுத்த ஆண்டே களமிறங்கக்கூடியவரைப் பதிலுக்கு வாங்குகிறார்கள். வில்லியம்ஸைக் கொடுத்து வாங்கியவர்களில் ஒருவரான கேலப் டர்பின் அந்த சீசனிலேயே மூன்றாம் பேஸைப் பிடித்துக்கொண்டார். பெரிய அடி அடிப்பவருக்குக் காசில்லை என்றால், பந்தை மட்டையில் படவைத்து, ஓடி, பேஸ் திருடி, எதிரணியைப் பதற வைக்கும் சின்ன ஆட்களைச் சேர்க்கிறார்கள். தன் நிறையும் குறையும் அறிந்த குடும்பம் குடித்தனம் நடத்துவது போல. மேனேஜர் பேட் மர்ஃபிக்கு 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் லீகின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது.

மில்வாக்கியின் கதைக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. வழக்கமான சீசனில் டாட்ஜர்ஸோடு ஆடிய ஆறு ஆட்டங்களையும் ஜெயித்த புரூவர்ஸ், அக்டோபரில் லீக் இறுதித் தொடரில் அதே டாட்ஜர்ஸிடம் நான்குக்கு நான்கு தோற்றது. நாலாவது ஆட்டத்தில் ஒஹ்தானி பந்தும் வீசி, மூன்று ஹோம்ரன்னும் அடித்தார். புத்திசாலித்தனம் 162 ஆட்டங்களுக்குப் போதும், கடைசிக் கதவைத் திறக்க எழுபது கோடியும் வேண்டும் போலிருக்கிறது. புரூவர்ஸ் ஒருமுறைகூட வேர்ல்டு சீரிஸ் வென்றதில்லை. ஆனால் தோல்வியிலும் தரம் உண்டு. அக்டோபரில் தோற்பது வேறு, மே மாதத்திலேயே தோற்றுவிட்டு ஐந்து மாதம் காலி நாற்காலிகளுக்கு ஆடிக்காட்டுவது வேறு. 2015-ல் கன்சாஸ் சிட்டி என்ற இன்னொரு சின்ன ஊர் கோப்பையே வாங்கிக்கொண்டு போனது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே வறுமை உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல. 2010 ஆகஸ்டில் பைரேட்ஸின் கணக்கு ஆவணங்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்தன. களத்தில் தோற்றுக்கொண்டே இருந்த 2007, 2008 இரண்டு ஆண்டுகளில் அணி சுமார் 2.9 கோடி டாலர் லாபம் பார்த்திருந்தது. தவறாக எதுவும் செய்யவில்லை, லாபத்தை அணிக்கே திருப்பிவிடுகிறோம் என்றது நிர்வாகம். 1996-ல் 10 கோடி டாலருக்கும் குறைவாகக் கைமாறிய அணியின் மதிப்பை, வணிகப் பத்திரிகைகள் 2025-ல் 100 கோடி டாலருக்கு மேல் என்று கணித்தன. தோற்றால் நஷ்டம் என்பது ரசிகனின் கணக்கு மட்டுமே. சொத்தின் மதிப்பு தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் தொழிலில், ஜெயிக்க வேண்டிய அவசரம் உரிமையாளருக்கு எங்கிருந்து வரும்? சின்னச் சந்தை அணிகளின் நிஜமான வியாதி இதுதான். இது பிட்ஸ்பர்க்குக்கு மட்டும் உரியதுமல்ல.

பணத்தோடு சம்பந்தமில்லாத பிழைகளும் உண்டு. 2018 ஜூலையில், டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களையும் இன்னொருவரையும் டாம்பா பேவுக்குக் கொடுத்து, கிறிஸ் ஆர்ச்சரை வாங்கினார்கள். டாம்பாவும் சின்னச் சந்தைதான், அங்கும் காசில்லைதான். கிளாஸ்னோவும் மெடோஸும் அங்கே போய் மலர்ந்தார்கள், ஆர்ச்சர் இங்கே வந்து வாடினார். ஏழைக்கு ஏழை செய்த வியாபாரத்தில் ஒருவர் மட்டும் ஏமாந்தால், குற்றத்தைப் பணக்காரன் மேல் போட முடியாது.

பேஸ்பால் பற்றி இந்தியாவில் பேசப்பட்ட ஒரே சமயத்தில் பேசப்பட்ட அணியும் பைரேட்ஸ்தான் என்பது ஒரு சுவையான தற்செயல். 2008-ல் ஓர் அமெரிக்க ஏஜென்ட் இந்தியா வந்து, வேகமாகப் பந்து எறிபவர்களைத் தேடிப் போட்டி நடத்தினார். உத்தரப் பிரதேசக் கிராமங்களிலிருந்து வந்த ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் தேறினார்கள். அந்த நவம்பரில் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்ட அணி பிட்ஸ்பர்க். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டு ஒன்றில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்கள். இந்தக் கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக வந்தபோது இசையமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான். படம் முடியும் இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். வாழ்க்கையில் தினேஷ் இரண்டே ஆண்டுகளில் ஊர் திரும்பினார். ரிங்கு கீழ்நிலை லீகுகளில் சில ஆண்டுகள் போராடி, காயங்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் நிஜமான மல்யுத்த மேடைக்கே போய்விட்டார். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை.

அதனால் அந்த முயற்சி தவறு என்றாகிவிடாது. மற்றவர்கள் தேடாத இடத்தில் தேடுவது ஏழை அணி செய்ய வேண்டிய காரியம்தான். பைரேட்ஸின் குறை வேறு. தேடுவார்கள், கண்டெடுப்பார்கள், ஆனால் கண்டெடுத்ததைச் செதுக்கி முடிக்கும்வரை பொறுமையும் காசும் நிற்பதில்லை. 2011-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த கெரிட் கோலை 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுக் கடைசியில் அவர் யாங்கீஸில் ஒன்பது ஆண்டுகளுக்கு 32.4 கோடி டாலர் வாங்கினார். 2013-ல் லீகின் சிறந்த வீரராகத் தேர்வான ஆண்ட்ரூ மக்கட்சனையும் அதே ஜனவரியில் விற்றார்கள். முதுமை தொடங்கிய பிறகு, 2023-ல், அவர் பாசத்தோடு திரும்பி வந்தார். பாசம் திரும்பி வரும், கால் வேகம் வருமா?

இப்போது அந்த இடத்தில் ஸ்கீன்ஸ் நிற்கிறார். 2023-ல் அவரும் நாட்டின் முதல் ஆளாகத் தேர்வானவர். 2024 மே மாதம் அறிமுகம், அந்த ஆண்டே சிறந்த புதுமுகம், அடுத்த ஆண்டு சை யங். 2025-ல் அவருக்கு அணி கொடுத்த சம்பளம் 10 லட்சம் டாலருக்கும் குறைவு. முதல் சில ஆண்டுகள் வீரருக்குப் பேரம் பேசும் உரிமை இல்லை என்ற விதியின் சலுகை அது. ஆனால் விதிக்கு முடிவுத் தேதியும் உண்டு. 2029 சீசன் முடிந்ததும் அவர் சுதந்திரப் பறவை. அன்று அவருக்கு என்ன விலை போகும் என்று ஊகிக்க ஜோதிடம் வேண்டாம். 2025 முடிய, பைரேட்ஸ் தன் வரலாற்றிலேயே ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் பிரையன் ரெனால்ட்ஸுக்கு 2023-ல் போட்ட 10.675 கோடி டாலர். நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்கு எழுதிக் கொடுத்தது 76.5 கோடி.

ஆக, இந்த அணியின் எதிர்காலத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. 2026 முதல் 2029 வரை நான்கே சீசன்கள். அந்த நான்குக்குள் செய்ய வேண்டியதைச் செய்யத் தேவையான சரக்கு, வியப்பூட்டும் வகையில், வீட்டிலேயே இருக்கிறது. ஸ்கீன்ஸுக்குப் பக்கத்தில் நிற்க பப்பா சாண்ட்லர் 2025 ஆகஸ்டில் அறிமுகமாகிவிட்டார். முழங்கை அறுவைச் சிகிச்சையால் 2025 முழுவதையும் இழந்த ஜாரெட் ஜோன்ஸும் கணக்கில் உண்டு. மட்டைக்கோ கானர் கிரிஃபின். 2024-ல் ஒன்பதாவது ஆளாகத் தேர்வான இந்தப் பையன், பத்தொன்பது வயதில், 2025-ல் கீழ்நிலை லீகுகளில் மூன்று படிகளைத் தாண்டி, 21 ஹோம்ரன்கள் அடித்து 65 பேஸ்கள் திருடினான். கீழ்நிலை லீகுகளின் சிறந்த வீரர் என்ற பட்டமும் கிடைத்தது. இருபது வயதுப் பையனின் தோளில் ஒரு ஊரின் 46 ஆண்டு ஏக்கத்தை ஏற்றுவது நியாயமா என்பது தனிக் கேள்வி. பிட்ஸ்பர்க்குக்கு வேறு தோள் இல்லை.

இளைஞர்கள் போதாது. 2025-ல் ரன் எடுப்பதில் முப்பதாவது இடத்தில் இருந்த அணி, பழுத்த மட்டைக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்குச் சந்தை விலை கொடுத்தாக வேண்டும். அதற்கு டாட்ஜர்ஸின் கஜானா தேவையில்லை. மில்வாக்கியின் கஜானா போதும். அரங்குக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2025-ல் 15 லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. ஜெயித்தால் அது ஏறும் என்பதற்கு இதே ஊரின் 2013 முதல் 2015 வரையான ஆண்டுகளே அத்தாட்சி. அன்று அந்த ஆற்றங்கரை கறுப்புச் சட்டைகளால் நிரம்பி வழிந்தது.

விதிகள் மாறும் வரை காத்திருக்கலாமே என்பவர்களும் உண்டு. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2022 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரை. உச்சவரம்பு என்ற பழைய சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது. ஆனால் உச்சவரம்பு வந்தாலும் சம்பளத்துக்குக் கீழ்வரம்பு ஒன்றும் சேர்ந்தே வரும். அப்போது டாட்ஜர்ஸ் குறைக்க வேண்டியிருக்கும், பைரேட்ஸ் கூட்ட வேண்டியிருக்கும். செலவழிக்கும் கையை இப்போதே பழக்கிக்கொள்ளாதவர்களுக்கு அந்த நாள் விடுதலை நாளாக இருக்காது.

எனவே தீர்ப்பு இரண்டு பாகம். 2025 சீசன்: தோல்வி. பந்து வீச்சுக்கு முதல் வகுப்பு, மட்டைக்குப் பூஜ்யம், நடத்தைக்கு அதைவிடக் கொஞ்சம் மேல். எதிர்காலம்: பிட்ஸ்பர்க்கில் 1992-க்குப் பிறகு இவ்வளவு நல்ல சரக்கு இரண்டே முறைதான் கையில் இருந்திருக்கிறது. முதல் முறை, 2015-க்குப் பின், கோலையும் மக்கட்சனையும் விற்று அது கரைந்து போனது. இது இரண்டாம் முறை. இதுவும் கரைந்தால், சந்தை சின்னது என்ற பதிலை அந்த ஊர் ஏற்காது. எஃகு உருக்கிய ஊர். எந்தச் சூட்டில் எது உருகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்கீன்ஸ் பந்து வீசும் நாட்களில் மட்டும் அந்த அரங்கம் வேறு மாதிரி இருக்கிறது. சீருடையின் முதுகில் அவர் பெயரோடு குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். அணியை விற்கச் சொல்லிக் கத்திய அதே தொண்டைகள் அவருக்காகவும் கத்துகின்றன. ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து நிற்கிறார்கள். பிறகு பைரேட்ஸ் மட்டை பிடிக்கும் முறை வருகிறது, எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.